கோல்காப்பாளருக்கு மௌன விரதம்

பாரிஸில் நம்முடைய கல்லூரி அணிகளுக்கு ஊடகப் பொறுப்பாளர்களாகப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "தாசண்ணை, மைக்கோட ஓடி வாறவையை எப்பிடி மறிக்கிறது?" மறிப்பது பெரிய காரியமில்லை. கையை நீட்டினால் மறிக்கலாம். யாரை மறிப்பது, யாரை விடுவது, எப்போது நாமே தள்ளி நிற்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. அந்த வேலையை இந்த ஊரில் என்னைவிட நன்றாகச் செய்தவன் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லக் காணோம், ஆகவே சொல்கிறேன்.

முதலில் என் தகுதி. எட்டாம் வகுப்பு. அதிலும் எட்டாம் வகுப்பின் முதல் பாதி.

யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் இங்கே பழைய மாணவர் சங்கம் வைத்து, கோடை வந்தால் கல்லூரிக்குக் கல்லூரி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஆடுவது உங்களுக்குத் தெரியும். நான் பதினான்கு வருடம் பொறுப்பாக இருந்த அணியின் கல்லூரி வாசலை நான் ஒருநாளும் மிதித்ததில்லை. பிறகு எப்படி உள்ளே வந்தேன் என்றால், படித்தவர்களின் தயவால் வந்தேன். சங்கத்தில் பொறியியலாளர் இருந்தார்கள், கணக்காளர் இருந்தார்கள், ஒரு மயக்க மருந்து டாக்டரும் இருந்தார். ஆனால் ஒரு மைக் நீட்டப்பட்டால் எந்த வருடத்து மாணவன் முதலில் பேசுவது என்று அவர்களுக்குள் பிரச்சினை. ஒரு தடவை நேரலையில் இரண்டு பேர் ஒரே மைக்கைப் பிடித்து இழுத்தார்கள், டாக்டர்தான் வென்றார். எந்த வருடத்தையும் சேராத ஒருவன் வேண்டும் என்று தலைவர் அன்றைக்கு முடிவு செய்தார். நம்முடைய கடைத்தெருவான லா சப்பலில் ஃபோன் கடை வைத்திருந்த என்னிடம் வந்தார். கோப்பை கழுவத் தொடங்கி, நாலு பாஷையில் பேரம் பேசப் பழகி, சொந்தமாகக் கடை போட்டவன் நான். என்னிடம் பேசிவிட்டு ஒருவர் கோபமாகப் போனதும் இல்லை, தான் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுப் போனதும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வேறென்ன படிப்பு வேண்டும்?

நான் வைத்த முதல் சட்டத்தைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பேட்டி கொடுப்பவன் நன்றாக ஆடியவன் அல்ல. ஞாயிறு லீவு உள்ளவன்.

ஏனென்று கேளுங்கள். நம்முடைய அணியில் பாதிப்பேர் சாப்பாட்டுக் கடைகளில் வேலை. ஞாயிறுதான் கடைகளுக்குப் பெருநாள். அன்றைக்கு மைதானத்தில் நிற்கிறவனில் ஒருவன் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருப்பான், ஒருவன் பெரியம்மாவின் அந்தியேட்டி என்று சொல்லிவிட்டு வந்திருப்பான். அந்தப் பெரியம்மா மூன்று கோடைகளில் மூன்று தரம் செத்தவ. ஆட்டத்தை நேரலையாகக் காட்டும் கமரா உச்சியில் ஒரு மூலையில் இருக்கும். அதில் எல்லாரும் எறும்பு. பேட்டியில்தான் முகம் தெரியும். லா சப்பலில் எந்தச் சாப்பாட்டுக் கடைச் சுவரிலும் அந்த நேரம் அதே நேரலைதான் ஓடும். முதலாளி கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே என் சட்டைப் பையில் ஒரு துண்டு இருக்கும். அதில் யார் உண்மையாக லீவு எடுத்தவன் என்று எழுதியிருக்கும். அந்தத் துண்டின்படி வருடா வருடம் பேட்டி கொடுத்தவன் பிரதீப். மாநகர சபையில் வேலை, ஞாயிறு முழு லீவு. அணியில் அவன் மாற்று ஆட்டக்காரன். கடைசி நாலு நிமிடம் இறங்குவான். அந்த நாலு நிமிடத்தைப் பற்றி அவன் பேசிய பேச்சு எல்லாவற்றையும் ஒட்டினால் ஒரு முழு ஆட்டத்தைவிட நீளம் வரும்.

இப்போது என் பெரிய பிழைக்கு வருகிறேன். என்னுடைய பிழைகூட மற்றவர்களுடைய பிழையைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

என் பதின்மூன்றாம் வருடம் நமக்கு ரூபன் என்று ஒரு கோல்காப்பாளன் கிடைத்தான். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் ஒரு அறையில் இருந்தான். லா சப்பலில் ஞானம் என்பவரின் கடையில் சமையல்காரன். கலியாணம் செய்து நாலு வருடம். மனைவி சுகந்தி ஊரில். அவளை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் பிரெபெக்சர் என்ற அரசாங்க அலுவலகத்தில் இருந்தது. எல்லாம் கொடுத்தாயிற்று. ஒன்றுதான் மிச்சம்: இவன் நிரந்தரமாக வேலையில் இருக்கிறான் என்று முதலாளியின் கடிதம். இறுதி ஆட்டம் நடந்த ஞாயிறுக்குப் பின்னால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அது போய்ச் சேர வேண்டும். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் நாலு வருடக் காத்திருப்பு முதலில் இருந்து தொடங்கும்.

ஞானம் நல்ல மனிதர். இறுதி ஆட்டம் என்று கேட்டால் லீவு கொடுத்திருப்பார். ஆனால் எதிர் அணி அவருடைய கல்லூரி. அந்தக் கல்லூரிச் சங்கத்தில் அவர் செயற்குழு. இரண்டு கல்லூரிகளின் பெயரையும் நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இரண்டு பக்கமும் எனக்கு ஃபோன் அடிக்கும். தன்னுடைய கல்லூரிக்கு எதிராகக் கோல் காக்கத் தன் சமையல்காரனுக்குத் தானே லீவு கொடுக்கும் அளவுக்கு நல்ல மனிதர் உலகத்தில் இல்லை. ஆகவே ரூபன் முதுகு நோ என்று சொல்லிவிட்டு வந்தான். ஞானம் இறுதி ஆட்டத்துக்கு வராமல் கடையில் நின்று தானே சமைத்தார்.

பியர்ஃபித் மைதானத்தில் எதிர்க் கல்லூரிக்காரர் நூறு பேர் நின்றார்கள். எல்லாரும் ஞானத்தின் கடையில் சாப்பிடுகிறவர்கள். ஒருவருக்கும் ரூபனைத் தெரியவில்லை. அவர்கள் கொத்துரொட்டியைப் பார்த்திருக்கிறார்கள், கொத்தியவனைப் பார்த்ததில்லை.

ஆட்டம் சமநிலை. பிறகு சமநிலை தவிர்ப்பு உதை. ரூபன் மூன்று உதைகளைத் தடுத்தான். கிண்ணம் நமக்கு.

எல்லாரும் குதிக்கிறார்கள். நான் சட்டைப் பைத் துண்டைத் தேடினேன். ஏனென்றால் வதனி மைக்கோடு வந்துகொண்டிருந்தாள். இணையத் தொலைக்காட்சிக்காரி, கெட்டிக்காரி, பின்னால் கமராவோடு அவளுடைய தம்பி.

"அண்ணை, கோலி எங்கை?"

"பிரதீப் ரெடியா நிக்கிறார், பிள்ளை."

"பிரதீப்பை நான் போன வருஷமும் எடுத்தனான். அதுக்கு முதல் வருஷமும் எடுத்தனான். அவர் இண்டைக்குப் பந்தைத் தொட்டவரோ?"

"ஒருக்கா எறிஞ்சவன்," என்றேன்.

"வெளியிலை போன பந்தை எடுத்து எறிஞ்சதுக்குப் பேட்டியோ? அண்ணை, மூண்டு உதை தடுத்த ஆள் அங்கை குந்திக்கொண்டு இருக்கிறார். ரெண்டு நிமிஷம். நேரலை போகுது, சனம் பாத்துக்கொண்டு இருக்குது."

பாத்துக்கொண்டு இருக்குது என்பதுதான் எனக்கும் பிரச்சினை. அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன சொல்லியிருப்பான்? கால் சுளுக்கு, தலையிடி, கழிவறைக்குப் போகவேண்டும். நான் சாதாரண மனிதன் இல்லை. என் வாயில் இருந்து வந்தது இது:

"அவன் மௌன விரதம்."

வதனி என்னைப் பார்த்தாள். "பின்னேரம் முழுக்க 'விடாதை, விடாதை, இடப்பக்கம் பார்' எண்டு கத்தினவர்."

"வெண்டால் மௌனம் எண்டு நேர்த்தி. விசில் ஊதின உடனே தொடங்கினது."

"எதுக்கு நேர்த்தி?"

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு பொய் நன்றாக வரும்போது அதை இடையில் விட எனக்கு மனம் வராது. "மனிசி அங்கை, இவன் இஞ்சை. அவ வந்து சேரவேணும் எண்டு. நாப்பத்தொரு நாள்."

வதனியின் கண் கலங்கிவிட்டது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் மைக்கைத் தன் வாய்க்கே வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். "மனைவியின் வரவுக்காக மௌன விரதம் பூண்டிருக்கும் வீரன் இதோ..." தம்பியின் கமரா ரூபனை நோக்கித் திரும்பியது. நான் ஓடிப்போய், பேசாதே என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். பாவம், அவன் நான் சொன்னதைச் செய்தான். தொப்பியைக் கழற்றினான். கமராவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான். ஒரு முழு நிமிடம். சிரித்த முகம், நெற்றி வியர்வை, எல்லாம் துலக்கமாக.

நான் அவனுடைய வாயைக் காவல் காத்தேன். காட்டிக்கொடுத்தது முகம். பேட்டி கொடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் மறந்திருப்பார்கள். ஊடகக்காரரிடம் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஒரு நிலை வந்தால், தம்பி தங்கைகளே, ருசியில்லாத பொய்யாகச் சொல்லுங்கள். வயிற்றோட்டம் என்று சொல்லியிருந்தால் வதனி பத்து அடி தள்ளி நின்றிருப்பாள்.

அந்தக் காணொளி ஃபோனுக்கு ஃபோன் பறந்து, நாங்கள் கிண்ணத்தோடு திரும்பி வருவதற்குள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கள் காலை லா சப்பல் மெற்றோப் பாலத்தடியில் இருக்கும் கோப்பிக் கடையில் ரூபன் எனக்காகக் காத்திருந்தான். முதலாளி ஞானத்தை அவன் பிரெஞ்சில் 'பத்ரோன்' என்றுதான் சொல்வான்.

"அண்ணை, பத்ரோன் ஃபோன் எடுத்தவர். 'தாசண்ணையையும் கூட்டிக்கொண்டு வா' எண்டு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டார். கோவமாச் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

"யோசியாதை. உனக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருக்கிறான் எண்டு சொல்லுவம்."

"எனக்கு ரெண்டும் அக்காமார் எண்டு அவருக்குத் தெரியும். என்ர கலியாண அல்பம் முழுக்கப் பாத்தவர்."

"பழைய காணொளி எண்டு சொல்லுவம்."

"கிண்ணத்திலை வருஷம் கிடக்கு, அண்ணை." அவன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. "அதைவிட ஒண்டு. சுகந்தி காணொளியைப் பாத்திட்டா. விசயத்தைச் சொல்லுவம் எண்டு எடுத்தன். எடுக்கிறா இல்லை. எழுதி அனுப்பியிருக்கிறா. 'நீங்கள் எனக்காக விரதம் இருக்கிறியள். நானும் நாப்பத்தொரு நாள் உங்களுக்காக இருக்கிறன். அதைக் குழப்பிப் போடாதேங்கோ.'"

தலைக்கு மேலே மெற்றோ போனது. என் வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லி வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். என்னைவிடப் பெரிய ஆட்கள் ஒரு தடவைகூட வெட்கப்பட்டதில்லை, அது வேறு.

"வா," என்றேன். "போய் உள்ளதைச் சொல்லுவம்."

ஞானம் கடையின் கடைசி மேசையில் இருந்தார். வலது கைப் பெருவிரலில் பெரிய கட்டு. சுவரில் தொலைக்காட்சி, சத்தம் இல்லாமல் அதே காணொளி. ரூபன் கை கூப்பிக்கொண்டிருந்தான்.

"முதுகு எப்பிடி?" என்று ஞானம் கேட்டார்.

ரூபன் வாயைத் திறந்தான்.

"சொல்லாதை. விரதம் முறிஞ்சுபோம்." பிறகு என்னிடம் திரும்பினார். "தாசண்ணை, எனக்கு ஒரு சின்ன விளக்கம் வேணும். நேற்று நான் இஞ்சை தனியா நிண்டு சமைச்சனான். விரலைச் சுட்டுக்கொண்டனான். எங்கட கல்லூரி தோற்கிறதை உந்தப் பெட்டியிலை பாத்தனான். யாரடா உந்தக் கோலி, உவனை உருட்ட வேணும் எண்டு இதே வாயாலை ஏசினனான். பிறகு முகத்தைக் காட்டினாங்கள்."

"ஞானம், உள்ளதைச் சொல்லுறன். முதுகு நோ அவன்ர பொய். விரதம் என்ர பொய். அவன் உங்களிட்டை லீவு கேக்கப் பயந்தவன். எனக்கு உண்மையைச் சொல்லப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள கடிதம் போகாட்டி அந்தப் பிள்ளை அங்கையே நிக்க வேண்டியதுதான். ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. வேலையிலை கை வையாதேங்கோ."

இவ்வளவுதான் பேசினேன். பதினான்கு வருடத்தில் நான் பேசிய மிகக் குறைந்த பேச்சு அதுதான்.

ஞானம் தன்னுடைய ஃபோனை மேசையில் திருப்பி வைத்தார். "பரிமாறுற பெடியள் காணொளிக்குக் கீழை எங்கட கடைப் பேரைப் போட்டிட்டாங்கள். காலமை தொடக்கம் இருவத்தாறு பேர் எடுத்திட்டினம். அதிலை எட்டுப்பேர் எங்கட செயற்குழு. 'உன்ர குசினிக்குள்ள நிண்டவனை ஏனடா வெளியிலை விட்டனி' எண்டு கேட்டவை. மிச்சப்பேர் என்ன கேட்டவை எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"விரதகாரப் பிள்ளையின்ர கையாலை சமைச்ச சாப்பாடு வேணுமாம். ஒரு ஆளுக்கு வீடு குடிபூரல், ஒரு ஆளுக்குப் பேரனுக்குச் சோறு தீத்தல். நான் என்னெண்டு சொல்ல, விரதம் பொய், ஆளை நிப்பாட்டிப்போட்டன் எண்டு?" அவர் ரூபனைப் பார்த்தார். "நாப்பத்தொரு நாள் எண்டு உலகத்துக்குச் சொல்லியாச்சு. என்ர குசினியிலை நாப்பத்தொரு நாள் உன்ர சத்தம் வரக்குடாது. ஒரு சொல்லு வந்தால் அண்டைக்குக் கணக்கு முடிஞ்சுது."

"கடிதம்?" என்றேன்.

"இப்பவே எழுதுறன். ஆனால் ஆர் பிணை?"

"நான்தான்."

"அப்ப நீங்கள் குசினி வாசல்லை நிக்கோணும். சமையல்காரன் பேசாட்டி ஓடர் எப்பிடிப் போறது? அவனுக்காகப் பேசிறது உங்கட தொழில்தானே."

கட்டுப் போட்ட விரலோடு ஞானம் பிரெஞ்சில் அந்தக் கடிதத்தை எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. கையெழுத்தும் முத்திரையும் நேராக இருந்தன. அன்றைக்கே நான் அதைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து குசினி வாசலில் நின்றேன்.

அந்த நாற்பத்தொரு நாளும் நான் செய்த வேலையை எந்தப் பெரிய அணியின் பொறுப்பாளரும் செய்திருக்கமாட்டார். ரூபன் கரண்டியைத் தூக்கிக் காட்டுவான். நான் வெளியே சொல்வேன்: "ஆட்டிறைச்சி முடிஞ்சுதாம், கோழி தரலாமாம்." அவன் கண்ணை உருட்டுவான். "ஆறாம் மேசைக்காரருக்கு இன்னும் அஞ்சு நிமிஷமாம்." பரிமாறுகிறவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். "அண்ணை, உப்புக் கூடிப்போச்சு, கோலியின்ர கருத்து என்ன?" கோலி இப்போதைக்குக் கருத்துச் சொல்லமாட்டார் என்று நான் பதில் சொன்னேன். அது எந்தக் காலத்துக்கும் நல்ல பதில், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கடைக்கு வெளியேயும் ரூபன் பேசவில்லை. செவ்ரானுக்குப் போகும் ரயிலிலும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான், "இஞ்சை ஒருத்தரும் இல்லை, கதை" என்றேன். அவன் ஃபோனை எடுத்து எழுதிக் காட்டினான்: "அவ அங்கை உண்மையா இருக்கிறா, அண்ணை." நான் தொடங்கிய பொய் அந்த ரயிலில் முடிந்துபோயிற்று. மிச்ச நாள் எல்லாம் அவர்கள் இருவருடைய விரதம்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை வதனி கமராவோடு கடைக்கு வந்தாள். முதல் வார்த்தை நேரலையில் வேண்டும் என்றாள். பழக்கதோஷத்தில் நான் ரூபனிடம், "'எல்லாம் வல்ல இறைவனுக்கும் சங்கத்துக்கும்' எண்டு தொடங்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் பதினான்கு வருட வேலையில் ஒரு ஆட்டக்காரனுக்கு நான் ஒன்றுமே சொல்லிக்கொடுக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

ரூபன் தொண்டையைச் செருமினான். சத்தம் வர நேரம் எடுத்தது.

"பத்ரோன்," என்றான். "அடுத்த வருஷம் ஃபைனலுக்கு வந்தமெண்டால் எனக்கு ஞாயிறு லீவு வேணும். இப்பவே கேக்கிறன்."

ஞானம் கல்லாவில் இருந்தார். கமரா அவர் பக்கம் திரும்பியது. பாரிஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கட கல்லூரியோட எண்டால் இல்லை," என்றார். "மற்றவையோட எண்டால் ஓம்."

அடுத்த கோடையில் ஞானத்தின் கல்லூரி அரையிறுதியிலேயே வெளியே போனது. ரூபனுக்கு லீவு கிடைத்தது. என் சட்டைப் பைத் துண்டில் அவனுடைய பெயரை முதல் தடவையாக எழுதினேன். அன்றைக்கு நாங்கள் தோற்றோம். அவன் மூன்று கோல் விட்டான். எழுத வேண்டியதை எழுதத்தானே வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் வதனி வந்தாள். எனக்கு அது கடைசிச் சுற்றுப்போட்டி, பொறுப்பை விடப் போகிறேன் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் மைக்கைக் கண்டால் கை தானாக நீளும். ரூபனுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வதனி அவனைக் கவனிக்கவே இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், ஊரில் இருந்து வந்து மூன்று கிழமை ஆன, பாரிஸ் வெயிலுக்கும் குளிருடுப்புப் போட்டிருந்த ஒரு பெண்ணிடம் போனாள். நான் ஓடிப்போய் அங்கேயும் கையை நீட்டினேன். புதுப்பிள்ளை, என்ன பேசுகிறாளோ என்று எனக்குப் பயம்.

சுகந்தி என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"தள்ளுங்கோ அண்ணை," என்றாள். "உங்கட பொய்க்கு நான் நாப்பத்தொரு நாள் வாயைத் திறக்கேல்லை. அது காணும்."

தள்ளினேன். அவள் இருபத்தைந்து நிமிடம் பேசினாள்.